டிசைன் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் அவர்களின் வீட்டாருக்கும்

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்தால் எனக்கு இன்பொக்ஸில் ஒரே கேள்விதான். "அண்ணா, டிசைன் படிக்க எந்தக் கோர்ஸ் நல்லது?" கேட்பவர் பெரும்பாலும் மற்ஸோ பயோவோ எடுத்து, பல்கலைக்கழக அனுமதிக்கு நினைத்த இசட் புள்ளி வராதவர். பிள்ளை கேட்காவிட்டால் தாயார் கேட்பார். "இதைப் படிச்சு வேலை எடுக்கலாமோ தம்பி?"

கோர்ஸைப் பிறகு பார்ப்போம். முதலில் எந்த டிசைன் என்று சொல்லுங்கள். வீடு கட்டுவது, உடுப்பு, தளபாடம், புத்தக அட்டை, போனில் ஓடும் செயலியின் திரை எல்லாமே நமக்கு டிசைன்தான். ஆனால் பட்டத்துக்கு உள்ள பெறுமதி ஒவ்வொன்றிலும் வேறு. கட்டடக் கலைஞராக வேண்டுமென்றால் பட்டம் கட்டாயம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அது 5 வருடப் படிப்பு. அதற்குப் பிறகும் தொழில் அனுபவம், பரீட்சை, பதிவு என்று நீளும். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவனம் அதற்கென்றே இருக்கிறது. கிராபிக் டிசைனருக்கோ செயலித் திரை செய்பவருக்கோ அப்படி எந்தப் பதிவும் தேவையில்லை. கொம்பனிக்காரன் முதலில் பார்ப்பது நீங்கள் செய்த வேலையைத்தான், சான்றிதழை அல்ல.

ஆகவே பட்டம் வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். மொறட்டுவையில் வடிவமைப்புக்கு 4 வருடப் பட்டம் இருக்கிறது, அரச செலவில். உடை வடிவமைப்புக்குத் தனிப் பட்டமும் உண்டு. நம் பிள்ளைகள் இவற்றைத் தவறவிடுவதற்குக் காரணம் புள்ளி மட்டுமில்லை. இவற்றுக்கெல்லாம் அந்தத் துறைக்கு நீங்கள் பொருத்தமா என்று பார்க்கும் உளச்சார்புப் பரீட்சை உண்டு, கட்டடக் கலைக்கும் உண்டு. அதற்குப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கோரும். அதில் சித்தியடையாமல், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் மட்டும் அந்தப் பாடநெறியைப் போட்டால் ஒன்றும் நடக்காது. ரியூசனில் இதை யார் சொல்லித் தருகிறார்கள்? அங்கே மெடிசின், இன்ஜினியரிங்கோடு உலகம் முடிந்துவிடும். ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் கைநூலை ரிசல்ட் வரும்வரை வைத்திருக்காமல் முதலே வாசியுங்கள். உளச்சார்புப் பரீட்சை அறிவித்தல்களையும் கவனித்துக்கொண்டிருங்கள்.

அப்புறம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் வழிவந்த பீடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கலாம். நகரத்துக்கு வெளியே மருதனார்மடத்தில் இருப்பதாலோ என்னவோ, நம் ஆட்களுக்கு அது கண்ணில் படுவதில்லை. "சித்திரமோ, ரீச்சராப் போகலாம்" என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுவார்கள். ஓ.எல். முடிந்ததும் சித்திரக் கொப்பியைத் தூக்கிப் போடச் சொன்னதும் இதே ஆட்கள்தான்.

என் கோபம் வேறு இடத்தில். காணியை ஈடு வைத்து, கொழும்பில் அறை எடுத்து, பெரிய காசு கட்டி, கடைசியில் போட்டோஷொப்பும் இல்லஸ்ட்ரேட்டரும் மட்டும் பழகி வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மென்பொருளைப் பழக யூரியூப் போதும். அது நிலைப்பதும் இல்லை. ஒரு காலத்தில் வெப்சைட்டில் அனிமேஷன் ஓடவைக்கும் ஃபிளாஷ் தெரிந்தவனுக்கு எவ்வளவு மதிப்பு! 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு அடோபி அதற்கான ஆதரவையே நிறுத்திவிட்டது. இப்போது ஏஐ ஒரு நிமிடத்தில் போஸ்டர் தருகிறது. டூல் மட்டும் தெரிந்தவர்தான் முதலில் அடி வாங்குவார்.

காசு கட்டிப் படிப்பதென்றால், உங்கள் வேலையை மேசையில் விரித்து "இது ஏன் இங்கே இருக்கு?" என்று கேட்கிற ஆசிரியர் இருக்கிற இடத்துக்குக் கட்டுங்கள். சேர முதல் போய், போன வருடம் முடித்தவர்களின் இறுதி வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வாருங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது, ஆணைக்குழு அதை ஏற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஏசி போட்ட வகுப்பறையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இங்கேயே பழக எவ்வளவு வேலை கிடக்கிறது! செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக்கு அடிக்கும் கல்வெட்டை, அந்த நினைவுப் புத்தகத்தை, எடுத்துப் பாருங்கள். தேவாரம், வம்சவழி, பேரப்பிள்ளைகளின் கவிதை, நன்றி நவிலல், பழைய மங்கிய படங்கள் எல்லாம் ஒரு சின்னப் புத்தகத்துக்குள் அடங்க வேண்டும். நல்ல பக்க அமைப்புப் பழக இதைவிடக் கடினமான பயிற்சி கிடைக்காது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை இப்போது பொதுவாக உள்ள யுனிகோட்டுக்கு மாற்றும்போது எழுத்து குழம்புவதையும், ஆங்கிலத்துக்குச் செய்த டெம்பிளேட்டில் தமிழைப் போட்டால் 'கீ'யின் மேல்சுழியும் 'மூ'வின் கீழ்ச்சுழியும் பக்கத்து வரியில் இடிப்பதையும் அச்சகத்தில் சில மாதம் நின்றவர் கண்ணாலே கண்டுபிடிப்பார். தமிழில் செயலி செய்கிற கொம்பனிகளில் இந்தக் கண் உள்ளவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகளோ, எங்கேயும் இல்லாத கோப்பிக் கடைகளுக்கு ஆங்கிலத்தில் லோகோ செய்து, வேலைகளைக் காட்டும் தொகுப்பான போர்ட்போலியோவில் வைத்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாண பஸ் நிலையத்துக்கு ஒரு நேர அட்டவணை செய்து பாருங்கள். மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்த அம்மம்மாவுக்கும் பருத்தித்துறை பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டும். செய்து முடித்து நாலு பேரிடம் காட்டி, அவர்கள் தடுமாறிய இடத்தைத் திருத்தி, முதல் பிரதியையும் கடைசிப் பிரதியையும் சேர்த்துப் போர்ட்போலியோவில் வையுங்கள்.

எனக்கும் அனுப்பலாம், நேரம் கிடைக்கும்போது பார்த்துச் சொல்வேன். "சூப்பர்" என்று மட்டும் கேட்க ஆசையென்றால் மாமாமாருக்கு அனுப்புங்கள்.