முதலில் பெட்ரோல், அப்புறம் டர்போ

என் பட்டறை மேசையில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. 2012-இல் என்னுடைய பழைய ஹோண்டா சிட்டியிலிருந்து கழற்றியது, மூன்றாவது சிலிண்டர். மேல் விளிம்பில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு அலுமினியம் உருகி, ரிங்கோடு சேர்ந்து ஒட்டிக் கிடக்கும். பட்டறைக்கு வருகிற தம்பிகள் எல்லோரும் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். "என்னண்ணா ஆச்சு?" என்று கேட்பார்கள். பெட்ரோல் போதவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தது. எஞ்சினுக்குத்தான் போய்ச் சேரவில்லை. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் எரிந்தால் சூடு எகிறி அலுமினியமே உருகிவிடும்.

அந்த வண்டியில் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ போட்டேன், அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலர் போட்டேன், பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரைப் பெரிதாகப் போட்டேன், டியூன் செய்துகொள்ளும்படியான இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) போட்டேன். டேங்க்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்ப் மட்டும் காரோடு வந்ததையே விட்டுவிட்டேன். டேங்க்குக்குள் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குக் காசு செலவழிக்க அன்றைக்கு மனசு வரவில்லை. வண்டியை நிறுத்திவைத்தே திறனை அளக்கும் டைனோவில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 402 மீட்டர் ஓட்டத்தில் மூன்றாவது கியரில் பாதி தூரம் போனபோது வண்டி லேசாக ஒருமுறை தயங்கியது. சத்தம் இல்லை, புகை இல்லை. ஒரு கணம்தான். வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் நடுநடுவே வெள்ளிப் பொட்டுகள். அந்த வெள்ளி, பிஸ்டனிலிருந்து கிளம்பிய அலுமினியம்.

அதனால்தான் இன்றைக்கும் யாராவது வந்து "அண்ணா, பூஸ்ட்டை இன்னும் ஒரு அரை பார் ஏத்திக் குடுங்க" என்றால் (பூஸ்ட் என்பது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், பார் அதன் அளவு), பம்ப் என்ன, வயர் என்ன, பிரஷர் எவ்வளவு என்று கேட்கிறேன். பாதிப் பேர் முகத்தைச் சுளிக்கிறார்கள். பெட்ரோல் வழியைச் சரிசெய்யாமல் பூஸ்ட் ஏற்றித் தருவதில்லை என்பது என் பட்டறையின் விதி. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று பலர் கேட்டுவிட்டதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கணக்கு மிக எளிது. டர்போ போட்ட பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். 500 குதிரைத்திறன் என்றால் 135 கிலோ, லிட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட 182. உடனே எல்லோரும் சொல்வது, "நான் 255 லிட்டர் பம்ப் போட்டிருக்கேன், தாராளமா போதும்ணா." அங்கேதான் கோளாறு. பெட்டியில் எழுதியிருக்கும் 255 என்பது குறைந்த அழுத்தத்திலும் 13.5 வோல்ட் மின்சாரத்திலும் அளந்த கணக்கு. ஓடுகிற காரில் அந்த இரண்டுமே கிடையாது.

முதலில் அழுத்தம். இன்ஜெக்டரின் ஒரு முனையில் பெட்ரோல் தள்ளுகிறது, மறுமுனையில் பூஸ்ட் எதிர்த்துத் தள்ளுகிறது. சும்மா இருக்கும்போது 3 பார் என்றால், 1.5 பார் பூஸ்ட்டில் பம்ப் 4.5 பார் கொடுத்தால்தான் இன்ஜெக்டருக்குப் பழைய 3 பார் மிஞ்சும். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலிருந்து, எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டுக்குப் போகும் சின்னக் குழாயின் வேலையே இதுதான். அழுத்தம் ஏற ஏறப் பம்ப் தள்ளும் அளவு குறையும். அதே 255 பம்ப் அந்த இடத்தில் 200-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

இப்போதைய பெரும்பாலான கார்களில் இன்னொரு சிக்கல். ரெகுலேட்டர் டேங்க்குக்குள்ளேயே இருக்கும், மிஞ்சிய பெட்ரோலை எஞ்சினிலிருந்து டேங்க்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாய் கிடையாது. அதற்கு பூஸ்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதில் அப்படியே டர்போ மாட்டி 1 பார் ஊதினால் இன்ஜெக்டருக்குக் கிடைக்கிற அழுத்தம் 3-இலிருந்து 2 பாருக்கு இறங்கிவிடும். பெட்ரோல் 18 சதவீதம் குறையும். காற்று இரண்டு மடங்காக ஏறும் நேரத்தில் இந்தக் குறைச்சல்! இசியுவில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிச் சரிக்கட்டலாம்தான், இன்ஜெக்டருக்கு இடம் இருக்கிறவரை. இன்ஜெக்டர் முழு நேரமும் திறந்தே கிடக்கும் நிலை வந்துவிட்டால் அதற்கு மேல் யார் டியூன் செய்தும் பயனில்லை. 80, 85 சதவீதத்துக்குள் நிறுத்துகிற மாதிரி இன்ஜெக்டரைத் தேர்ந்தெடுப்பதுதான் என் வழக்கம்.

அடுத்தது மின்சாரம். என்னைக் கேட்டால் இங்கே வீணாகிற பம்புகளில் பாதி வயரால்தான் வீணாகிறது. காரோடு வந்த வயர், காரோடு வந்த பம்புக்குப் போட்டது. நூல் மாதிரி இருக்கும். அதில் பெரிய பம்பை மாட்டினால், பேட்டரியில் 13.8 இருக்கும்போது பம்ப் கனெக்டரில் 11 வோல்ட்கூட இருக்காது. ஜப்பானிய டொயோட்டா சூப்ராவை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதில் பம்புக்கென்றே தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. மெதுவாகப் போகும்போது அது வேண்டுமென்றே வோல்ட்டைக் குறைத்துத்தான் கொடுக்கும். அதை அப்படியே விட்டுவிட்டுப் பெரிய பம்பை மட்டும் மாற்றினால் தலைவலிதான் மிச்சம். பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தடிமனான வயர், அதைத் திறந்து மூடும் மின்சுவிட்சாக நல்ல ரிலே, பாடியில் சுரண்டிப் பிடித்த நல்ல எர்த். சில ஆயிரம் ரூபாய் வேலை. இதைச் செய்யாமல் பம்பைக் குறை சொல்லாதீர்கள்.

ரிலே என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அவசரத்தில் பலர் அந்த ரிலேயை இக்னிஷன் சாவியோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். சாவி போட்டால் பம்ப் ஓடும், அவ்வளவுதான் என்று. காரோடு வந்த அமைப்பில் எஞ்சின் நின்றால் இசியு பம்பையும் நிறுத்திவிடும். நேராக இணைத்த வண்டி மோதிக் குழாய் உடைந்து கிடந்தாலும், சாவியை அணைக்கிறவரை பம்ப் நிமிடத்துக்கு மூன்று, நான்கு லிட்டர் பெட்ரோலைச் சூடான டர்போ மீது கொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே மயங்கிக் கிடப்பவன் சாவியை அணைப்பானா? ரிலேயின் தூண்டுதல் வயரை இசியுவிலிருந்துதான் எடுக்க வேண்டும். இப்படி இணைத்த வண்டி பட்டறைக்கு வந்தால் மற்ற வேலையெல்லாம் அப்புறம், முதலில் அதைத்தான் மாற்றுவேன்.

குழாயும் அப்படித்தான். டேங்க்குக்கு வெளியே போடுகிற ரப்பர் குழாயைப் பெட்ரோலுக்குள்ளேயே மூழ்கவிட்டால் அது ஊறி, வெடித்து, ஒருநாள் பம்ப் தள்ளுவதெல்லாம் டேங்க்குக்குள்ளேயே வழிந்துவிடும். மூழ்கிக் கிடக்கவென்றே தனிக் குழாய் விற்கிறார்கள். எத்தனால் கலந்த எரிபொருளுக்கு டெஃப்ளான் உள்பூச்சுக் குழாய்தான் நல்லது. அதிலும் உள்பக்கம் கார்பன் கலந்து கறுப்பாக இருக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். வேகமாக ஓடும் பெட்ரோல் குழாய்க்குள் மின்னேற்றத்தை உண்டாக்கும், கார்பன் அதை வெளியேற்றிவிடும். ஏஎன் ஃபிட்டிங் என்கிற குழாய் இணைப்பில் டெஃப்ளான் டேப் சுற்றுகிற பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அங்கே கசிவை அடைப்பது மரை இல்லை, 37 டிகிரியில் சரிந்த அந்தக் கூம்பு. டேப் துணுக்கு பிய்ந்து போய் இன்ஜெக்டரில் உட்கார்ந்தால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் பட்டினி கிடக்கும்.

பழைய ஆட்கள் சிலர் "அந்தக் காலத்துல இதெல்லாம் யாரு பாத்தா?" என்பார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. சோழவரம் விமான ஓடுதளத்தில் ஓடிய கார்கள் கார்புரேட்டர் கார்கள். கார்புரேட்டருக்கு அரை பார் அழுத்தம்கூட வேண்டியதில்லை. மிதவைக் கிண்ணத்தில் கொஞ்சம் கையிருப்பு எப்போதும் இருக்கும். பம்ப் ஒரு கணம் தடுமாறினாலும் எஞ்சின் தாங்கும். இன்ஜெக்டர் வைத்த டர்போ எஞ்சினில் அப்படிப்பட்ட மெத்தை ஏதும் கிடையாது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் ரெயில் குழாயில் அழுத்தம் விழுந்த அதே நொடியில் கலவை லீன், அதாவது பெட்ரோல் குறைந்ததாக ஆகிவிடும்.

இப்போது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் வர ஆரம்பித்து, இன்றைக்கு எந்த பெட்ரோல் பங்க்குக்குப் போனாலும் பெரும்பாலும் அதுதான். ஆக்டேன் கூடியிருப்பது நமக்கு நல்லதுதான், நான் எதிரி இல்லை. ஆனால் ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும் என்றால் ஒரு கிராம் எத்தனாலுக்கு 9 கிராம்தான். அதே காற்றுக்கு அதிக எரிபொருள் போக வேண்டும். எத்தனாலே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20-க்குச் சுமார் 7 சதவீதம் கூடுதல், இ10-ஓடு ஒப்பிட்டால் 4 சதவீதம் அளவுக்கு. ஐந்தாறு வருடத்துக்கு முன் டியூன் செய்த வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மெதுவாகப் போகும்போது ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிக்கட்டிவிடும். பழைய வகை சென்சார் வைத்த வண்டிகள் முழு ஆக்சிலரேட்டரில் அந்தச் சென்சாரைப் பார்ப்பதே இல்லை, இசியுவின் அட்டவணையில் (மேப்) எழுதியதைத்தான் ஊற்றும். விளிம்பில் நின்ற டியூன் அந்த 4 சதவீதத்தில் விழுந்துவிடும். இ85 பக்கம் போக நினைப்பவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் எரிபொருளுக்குத் தயாராக வேண்டும்: பம்ப், இன்ஜெக்டர், ஃபில்டர், குழாய் எல்லாமே.

பெரிய பம்ப் போட்டால் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். டிராக் ஓட்டத்துக்கு, அதாவது அந்த 402 மீட்டர் நேர்ப் பந்தயத்துக்கு மட்டும் என்றால் சரி, பத்துப் பன்னிரண்டு நொடி வேலை. தெருவில் ஓட்டுகிற வண்டியில் அந்தப் பம்ப் மே மாத வெயிலில் சிக்னலில் நிற்கும்போதும் முழு வேகத்தில் சுற்றும். எஞ்சினுக்கு வேண்டியது துளி, மீதியெல்லாம் எஞ்சின் சூட்டை வாங்கிக்கொண்டு டேங்க்குக்கே திரும்பும். டேங்க்கில் கால்வாசிதான் இருக்கிறது என்றால் அரை மணி நேரத்தில் தொட முடியாத சூடு. சூடான பெட்ரோல் பம்பின் வாயிலேயே குமிழி விடும், குமிழியைப் பம்பால் தள்ள முடியாது. தெரு வண்டிக்கு இரண்டு பம்ப் வைத்து, இரண்டாவதை பூஸ்ட் ஏறியபின் மட்டும் எழுப்புவது எனக்குப் பிடித்த வழி. இசியுவிலிருந்து பம்பின் வேகத்தைக் குறைத்துக் கூட்டுவதும் நல்லதே.

டிராக் வண்டிக்குத் தொல்லை வேறு. 1 ஜி முடுக்கத்தில் (புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கம்) பாய்ந்தால் டேங்க்கில் பெட்ரோல் 45 டிகிரிக்குச் சாய்ந்து பின்சுவரில் ஏறி நிற்கும். பம்பின் வாய் முன்பக்கம் இருந்தால் காற்றைத்தான் உறிஞ்சும். அரை டேங்க்குக்குக் குறையாமல் ஓட்டுங்கள், இல்லையென்றால் பம்புக்கு எப்போதும் பெட்ரோல் கிடைக்கச் செய்யும் இரண்டு லிட்டர் துணை டேங்க் (சர்ஜ் டேங்க்) ஒன்று வைத்துவிடுங்கள்.

நேரடி இன்ஜெக்‌ஷன் கார்கள், அதாவது பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சுபவை, தனிக் கதை. ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் போன்றவற்றில் கேம் ஷாஃப்ட் தள்ளுகிற உயரழுத்தப் பம்ப் 200 பார் வரை கொடுக்கும். அதற்கு ஊட்டுகிற டேங்க் பம்ப் தளர்ந்தால் அதுவும் சேர்ந்து தளரும். இரண்டின் அழுத்தத்தையும் இசியு பதிவில் (லாக்) பார்க்காமல் ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 என்று திறனைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

போன சனிக்கிழமை ஒரு தம்பி வந்தான். மிட்சுபிஷி லேன்சரில் 4ஜி63 எஞ்சின் இறக்கியிருக்கிறான். 1.6 பார் பூஸ்ட்டில் 450 குதிரைத்திறன் கணக்கு, இ20-இல் மணிக்குச் சுமார் 176 லிட்டர் வேண்டும். "255 பம்ப்ணா, புதுசு" என்றான். சரி, அளந்துவிடலாம் என்றேன். பட்டறைக்கு வெளியே நிறுத்தி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்து, எஞ்சின் முழுக்க ஆறியபின் ரிட்டர்ன் குழாயைக் கழற்றி அளவு கேனுக்குள் விட்டோம். ரெகுலேட்டரின் பூஸ்ட் குழாயில் சைக்கிள் பம்பை மாட்டி 1.6 பார் ஏற்றிப் பிடித்துக்கொண்டான் அவன். பேட்டரியில் சார்ஜர். நான் 30 நொடி ஓடவிட்டேன். கேனில் 1.25 லிட்டர். மணிக்கு 150. பம்ப் கனெக்டரில் மீட்டர் வைத்தால் 10.9 வோல்ட்.

அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அடுத்த வாரம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்துக்குப் போவதாக இருந்தான்.

பம்பைத் தொடவில்லை. வயரை மட்டும் மாற்றினோம், சாயங்காலம் வரை ஆனது. மறுபடி அளந்தபோது 13.2 வோல்ட், 1.65 லிட்டர். மணிக்கு 198. ரெயிலில் ஒரு பிரஷர் சென்சார் வைத்து இசியுவோடு இணைத்தேன். பூஸ்ட்டைக் கழித்தபின் அழுத்தம் 2.7 பாருக்குக் கீழே இறங்கினால் எஞ்சினை உடனே அடக்கிவிடும். அன்றைக்கு என் சிட்டியில் அது இருந்திருந்தால் இந்த மேசையில் பிஸ்டன் இருக்காது.

"500 போகலாமாண்ணா?" என்றான் கிளம்பும்போது. 500-க்கு 195 லிட்டர் வேண்டும், உன்னிடம் இருப்பது 198 என்றேன். விரலை மடக்கி அவனே கணக்குப் போட்டுப் பார்த்தான். இரண்டாவது பம்புக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அதுவரை பூஸ்ட் 1.6-தான்.