முழுசா காசு குடுத்தும் என்னோடது இல்லையாம்

அலமாரிய ஒழிக்கறப்போ பழைய டிராயிங் சாஃப்ட்வேர் டப்பா ஒண்ணு கெடைச்சுது. டிஸ்க், சீரியல் நம்பர் ஸ்டிக்கர், பில்லு எல்லாம் பத்திரமா இருக்கு. நான் இப்ப அந்த வேலையே பாக்கறதில்ல, தெரிஞ்ச பையன் ஒருத்தன் கத்துக்கிட்டு இருக்கான், பாதி விலைக்குக் குடுத்துடலாம்னு நெனச்சு, லைசென்ஸ அவன் பேருக்கு மாத்திக் குடுங்கன்னு கம்பெனிக்கு மெயில் போட்டேன். ரெண்டே வரில பதில் வந்துச்சு: நீங்க சாஃப்ட்வேர வாங்கல, பயன்படுத்துற உரிமம் மட்டும் தான் வாங்கியிருக்கீங்க, அத மாத்த முடியாது. பில்லுல என்னமோ "விற்பனை"ன்னு தான் அடிச்சிருக்கு!

கடுப்புல ராத்திரி பூரா உக்காந்து படிச்சேன். புஸ்தகத்துல இந்த சண்ட 1908லயே முடிஞ்சுபோச்சுங்க. அமெரிக்காவுல ஒரு பதிப்பகம், ஒரு டாலருக்குக் கம்மியா வித்தா காப்பிரைட் மீறல்னு புஸ்தகத்துக்குள்ளயே அச்சடிச்சு வச்சிருக்காங்க, மேசிஸ் கடைக்காரன் அத கண்டுக்காம 89 சென்ட்டுக்கு வித்துட்டான், கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, ஒரு தடவ வித்தாச்சுன்னா அப்புறம் அந்தப் பிரதிக்கு நீ வெல கட்ட முடியாதுன்னு தீர்ப்பு. பழைய புஸ்தகக் கடையெல்லாம் அங்க நிம்மதியா நடக்கறதுக்கு இந்த மாதிரி தீர்ப்பு தான் காரணம்.

அதே நோட்டீஸ சாஃப்ட்வேர் டப்பாக்குள்ள வச்சா மட்டும் செல்லுது பாருங்க. அதே அமெரிக்காவுல வெர்னர்னு ஒருத்தர், ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல இருந்து ஆட்டோகேட்ங்கற டிராயிங் சாஃப்ட்வேரோட பழைய ரிலீஸ் 14 பிரதிகள வாங்கி ஈபேல வித்தார். அவர் இன்ஸ்டாலும் பண்ணல, எந்த ஒப்பந்தத்துக்கும் தலையாட்டவும் இல்ல. கீழ் கோர்ட்டுல அவர் தான் ஜெயிச்சார், ஆனா 2010ல அப்பீல் கோர்ட் திருப்பிப் போட்டுடுச்சு. கம்பெனி இத லைசென்ஸ்னு சொல்லுது, கைமாத்தக் கூடாதுங்குது, எப்படிப் பயன்படுத்தணும்னும் கட்டுப்பாடு போடுது, அதனால மொதல்ல வாங்குன ஆபீஸே ஓனர் இல்ல, அவங்ககிட்ட வாங்குன வெர்னருக்கும் விக்கற உரிமை இல்லன்னு. அதாவது விக்கறவனே பேப்பர் எழுதி, அதுல நான் விக்கலன்னும் எழுதிட்டா, கோர்ட்டு சரிங்குது. நல்லா இருக்குல்ல?

2012ல ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம், பழைய லைசென்ஸ வாங்கி விக்கற யூஸ்டுசாஃப்டுக்கும் சாஃப்ட்வேர் கம்பெனி ஆரக்கிளுக்கும் நடந்த கேஸ்ல நேரெதிரா சொல்லுச்சு. காசு ஒரே தடவ, காலத்துக்கு எல்லை இல்லன்னா நீ என்ன பேரு வச்சாலும் அது விற்பனை தான், டவுன்லோட் பண்ணதா இருந்தாலும் அப்படித்தான். ஆனா விக்கறவன் தன்கிட்ட இருக்கற காப்பிய பயன்படுத்த முடியாதபடி ஆக்கிடணும், 25 பேருக்கான லைசென்ஸ பிச்சுப் பிச்சு விக்கவும் கூடாது. எனக்கு இது ரொம்ப நியாயமாப் படுது.

கம்பெனிக்காரங்க சொல்ற பயமும் பொய் இல்ல. புஸ்தகம் கிழியும், ஃபைல் கிழியாது, வித்தவன் ஒரு காப்பிய ஒளிச்சு வச்சுக்கிட்டா யாருக்குத் தெரியும்? சரி, ஆனா ஆக்டிவேஷன்னு ஒண்ண வச்சு எத்தன மெஷின்ல ஓடுதுன்னு எண்ணிக்கிட்டே இருக்கீங்களே, எனக்கு ஆஃப் பண்ணிட்டு அவனுக்கு ஆன் பண்ண மட்டும் தெரியாதா? மனசு இல்ல, அவ்வளவு தான்.

இப்பல்லாம் கேள்வியே எழாத மாதிரி பண்ணிட்டாங்க. ஃபோட்டோஷாப் பண்ற அடோபி 2013லயே மாசக் காசுக்கு மாறிடுச்சு, மத்தவங்களும் வரிசையா மாறுனாங்க, வாடகைக்கு எடுத்தத எங்க போயி விக்கறது? கலிஃபோர்னியாவுல 2025ல இருந்து ஒரு சட்டம், வெறும் லைசென்ஸ் தான்னு தெளிவா சொல்லாம டிஜிட்டல் சரக்குக்கு "வாங்கு"ன்னு பட்டன் வைக்கக் கூடாதுன்னு. பொய் சொல்றது குறையும், ஆனா அதனால நாம திருப்பி விக்கற உரிமை ஒண்ணும் வந்துடல.

அந்தப் பையன் ஃப்ரீகேட்ங்கற இலவச டிராயிங் சாஃப்ட்வேர எறக்கி கத்துக்க ஆரம்பிச்சுட்டான். எனக்கு மிச்சம் அட்டை டப்பா தான். அது மட்டும் சந்தேகமே இல்லாம என்னோடதாம், வேணும்னா வித்துக்கலாம்.