மூன்று கட்டத்தில் ரசம்

(ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ஓய்வுபெற்ற பத்திர எழுத்தரான மாமனார் நாளிதழின் இணைப்பை மடியில் விரித்துவைத்துக்கொண்டு பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறார். மருமகள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.)

மாமனார்: அம்மா, கீழ்க்கண்ட ஏழு குறிப்புகளுக்கும் விடை எழுதி, அவற்றின் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தால் ஔவையாரின் வாக்கு ஒன்று கிடைக்கும் என்று போட்டிருக்கிறார்கள். ஏழையும் எழுதிவிட்டேன், ஆனால் கிடைத்திருப்பது ஔவையார் குளிர்காய்ச்சலில் பிதற்றியதாகத் தெரிகிறது.

மருமகள்: என்ன கிடைத்திருக்கிறது, மாமா?

மாமனார்: 'இயல்வது கஇவேல்.'

மருமகள்: இடையில் 'ல்' எங்கிருந்து வந்தது? 'ல்' என்று தொடங்கும் சொல்லையா கண்டுபிடித்தீர்கள்?

மாமனார்: மெய்யெழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது என்பதால் அந்த இரண்டு 'ல்'லையும் அவர்களே அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள். மற்றபடி இட்லி, யமுனை, வவ்வால், துளசி, கப்பல் எல்லாம் சரியாகவே அமைந்தன. 1930-இல் ராஜாஜி உப்புச் சத்தியாகிரகம் நடத்திய ஊர் வேதாரண்யம் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன்.

மருமகள்: அப்படியானால் வில்லங்கம் ஆறாவதில்தான் இருக்கிறது. குறிப்பைப் படியுங்கள்.

மாமனார்: 'சாம்பாருக்குப் பின், மோருக்கு முன், மூன்றெழுத்து.' இரசம் என்று எழுதினேன்.

மருமகள்: அது நான்கெழுத்து ஆயிற்றே!

மாமனார்: அதனால்தான் 'ம்' மட்டும் கட்டத்தைத் தாண்டி, பக்கத்து ராசிபலனில் கும்ப ராசிக்காரர் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது.

மருமகள்: ரசம் என்று எழுதினால் கும்ப ராசிக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

மாமனார்: ரகரம் மொழிக்கு முதலில் வராது, வடசொல்லாயின் அதன்முன் அ, இ, உ என்னும் குறில்களில் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று நன்னூலார் விதித்திருக்கிறார். ஆத்திசூடியே முதலெழுத்துகளை வரிசையாகக் கோத்த நூல்தானே? ககர வரிசையில் வந்துகொண்டிருந்த ஔவையார், 'ட' வந்ததும் 'இடம்பட வீடெடேல்' என்றார். 'ர' வந்ததும் 'அரவம் ஆட்டேல்' என்றார். 'ங'வுக்குச் சொல்லே அகப்படாதபோதுகூட 'ஙப் போல் வளை' என்று அந்த எழுத்தையே உவமையாக்கிச் சமாளித்தாரே தவிர, விதியை மீறவில்லை.

மருமகள்: அவர் ஓலையில் எழுதினார், மாமா, அவருக்கு யாரும் மூன்றே கட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. அதுவும் போகட்டும், நேற்று இரவு நீங்கள், 'இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்று' என்றுதானே கேட்டீர்கள்?

மாமனார்: அது வாய்மொழி. எழுத்தில் இல்லாதது செல்லாது.

மருமகள்: சரி, எழுத்துக்கே வருவோம். நாற்பது ஆண்டுகளாகப் பத்திரங்களின் அடியில் 'எழுதியவர்: ரங்கநாதன்' என்றுதானே கையெழுத்திட்டீர்கள்? நன்னூல்படி நீங்கள் அரங்கநாதன் அல்லவா?

மாமனார்: (நெடுநேரம் பேனாவைப் பார்க்கிறார்.) பள்ளிச் சான்றிதழில் அப்படி இருந்தது, அம்மா. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் ஓய்வூதியம் நின்றுவிடும்.

மருமகள்: இங்கே ஓர் எழுத்து மாறினால் பரிசு நின்றுவிடும். எவ்வளவு பரிசு?

மாமனார்: இருநூறு ரூபாய்.

மருமகள்: அப்படியானால்?

மாமனார்: (அடித்து எழுதுகிறார்.) மேற்படி ஆறாவது விடையில் 'இ' நீக்கம், 'ம்' உள்ளே சேர்ப்பு. அடித்தலுக்கு என் சுருக்கொப்பமும் இட்டிருக்கிறேன். 'இயல்வது கரவேல்!' அடடா, ஆத்திசூடியின் மூன்றாம் வரி!

மருமகள்: கொடுக்க முடிந்ததை ஒளிக்காதே என்று ஔவையாரே சொல்லிவிட்டார்; பரிசில் பாதி எனக்கு.

மாமனார்: அவசரப்படாதே, அம்மா, 'இயல்வது' என்று முதலிலேயே நிபந்தனை விதித்திருக்கிறார். ஓய்வூதியக்காரனால் இருபது ரூபாய்க்கு மேல் இயலாது.