மெஸ்ஸியின் தொடையும் ஒரு தேசத்தின் மானமும்

“பார்த்தீர்களா, அமெரிக்காவிலும் மெஸ்ஸி ஆடவில்லை. சீனா ரத்து செய்தது எவ்வளவு சரி!”

இந்த வாரம் முழுக்க இதே வசனம்தான். வாட்ஸாப் குழுவில், என் பழைய பதிவுக்குக் கீழே, ஆபீஸ் லிஃப்டில்கூட. 2024 பிப்ரவரியில் நான் இருக்கும் ஹாங்காங்கில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில் காயம் என்று மெஸ்ஸி இறங்கவில்லை. அந்தக் கோபத்தில், மார்ச்சில் தன் மண்ணில் நடக்கவிருந்த அர்ஜென்டினா ஆட்டங்களைச் சீனா ரத்து செய்தது. அது தப்பு என்பது என் கட்சி.

என்ன கணக்கு இது? 2024 மார்ச் 22 பிலடெல்பியாவில் எல் சால்வடோரை 3-0, மார்ச் 26 லாஸ் ஏஞ்சலஸில் கோஸ்டா ரிகாவை 3-1 என்று அர்ஜென்டினா ஜெயித்தது. தொடையின் பின்தசையில் காயம் என்பதால் மெஸ்ஸி இரண்டிலும் இல்லை. அதே நாட்களில் அர்ஜென்டினா சீனாவில் இருந்திருக்க வேண்டும். ஹாங்சோவில் நைஜீரியாவோடு ஒன்று, பெய்ஜிங்கில் ஐவரி கோஸ்டோடு ஒன்று. ஹாங்சோ ஆட்டத்தை பிப்ரவரி 9ஆம் தேதியே ரத்து செய்தார்கள். மார்ச்சில் வரப்போகும் காயம் பிப்ரவரியிலேயே தெரிந்துவிட்டதா? ஜோசியத்துக்குத் தனித் துறை வைத்திருக்கிறார்களா?

நான் அன்றிலிருந்து சொல்வது ஒன்றே ஒன்று. டிக்கெட் வாங்கியவனின் கோபம் வேறு, அரசாங்கத்தின் கோபம் வேறு. முதலாவதில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது முதலாவதின் தோளில் ஏறிச் சவாரி செய்தது.

பிப்ரவரி 4ஆம் தேதி ஹாங்காங் ஸ்டேடியத்துக்கு நான் போகவில்லை. 880 ஹாங்காங் டாலரில் ஆரம்பித்து 4,880 வரை டிக்கெட் விலை. ஒரு காட்சி ஆட்டத்துக்கு அவ்வளவு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் போனவர்களின் கோபம் எனக்கு நூற்றுக்கு நூறு புரிகிறது. ஊரெங்கும் போஸ்டரில் மெஸ்ஸி முகம். 38,000 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மெஸ்ஸியின் அமெரிக்க கிளப்பான இன்டர் மயாமி 4-1 என்று ஜெயிக்கிறது, மெஸ்ஸி பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. அதே கிளப்பின் இன்னொரு நட்சத்திரம் சுவாரெஸும் ஆடவில்லை. கடைசியில் “ரீஃபண்ட், ரீஃபண்ட்” என்று கூட்டம் கத்துகிறது, நன்றி சொல்ல மைக் பிடித்த கிளப்பின் இணை உரிமையாளர் பெக்கமைக் கூச்சல் போட்டே உட்கார வைக்கிறது. காயம் என்றால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்து ஒரு கையாவது அசைத்திருக்கலாம். இதிலெல்லாம் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை.

இதுவரை இது ஒரு ஏமாந்த வாடிக்கையாளரின் கதை. இதற்கு நுகர்வோர் மன்றம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. குறைந்தது 45 நிமிடம் ஆட வேண்டும், ஆனால் உடல்நிலையைப் பொறுத்து என்று ஒப்பந்தத்தில் இருந்ததாக ஹாங்காங் அமைச்சரே சொன்னார். பாதிப் பணம் திருப்பித் தருவதாக ஏற்பாட்டாளர்கள் அறிவித்தார்கள். போதாது என்றால் மீதியைக் கேட்டுச் சண்டை போடலாம். அவ்வளவுதானே?

அவ்வளவோடு விட்டார்களா? பிப்ரவரி 7 டோக்கியோவில் ஜப்பானிய கிளப் விஸ்ஸெல் கோபேவுக்கு எதிராகக் கடைசி அரை மணி நேரம் மெஸ்ஸி இறங்கினார். வந்தது வினை. இங்கே ஆடாதவன் ஜப்பானில் மட்டும் எப்படி ஆடினான்? ரெஜினா இப் சாதாரண ஆள் இல்லை, அப்போது ஹாங்காங் அரசுக்கு ஆலோசனை சொல்லும் நிர்வாகக் குழுவின் ஒருங்கிணைப்பாளர். இது திட்டமிட்ட அவமதிப்பு, பின்னால் ஒரு கறுப்புக் கை இருக்கிறது, மெஸ்ஸியை இனி ஹாங்காங்குக்குள் விடவே கூடாது என்று அவர் எழுதுகிறார். சீன அரசுப் பத்திரிகையான குளோபல் டைம்ஸின் தலையங்கமோ, ஹாங்காங்கைச் சங்கடப்படுத்த வெளிச்சக்திகள் செய்த வேலையாக இருக்கலாம் என்று ஒரு சந்தேகத்தை அவிழ்த்துவிடுகிறது. தொடை இடுக்கில் வீக்கம் என்று ஒரு மனிதன் சொன்னால் அதற்குப் பின்னால் வெளிநாட்டுச் சதி. சி.ஐ.ஏ. இப்போது பிசியோதெரபியும் பார்க்கிறது போலிருக்கிறது.

அப்புறம் பிப்ரவரி 9. “எல்லோருக்கும் தெரிந்த காரணங்களால்” ஆட்டம் ரத்து என்று ஹாங்சோ அறிவிக்கிறது. மறுநாள் பெய்ஜிங் கால்பந்துச் சங்கமும், மெஸ்ஸி பங்கேற்கும் ஆட்டம் எதையும் நடத்தும் திட்டம் தற்போது இல்லை என்று கையை விரிக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த அந்தக் காரணத்தை ஒருவர்கூட வாயைத் திறந்து சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதில் அடிபட்டவர்கள் யார்? நைஜீரியாவும் ஐவரி கோஸ்டும் ஹாங்காங்கை என்ன செய்தன? ஹாங்சோ ரத்து அறிவித்ததற்கு மறுநாளைக்கு மறுநாள் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியாட்டம் நடந்தது. அதில் மோதியவை இதே இரண்டு அணிகள்தான். ஐவரி கோஸ்ட் 2-1 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. உலக சாம்பியனோடு ஆப்பிரிக்க சாம்பியன் பெய்ஜிங்கில் மோதுவதைப் பார்க்கும் வாய்ப்பு! அதைத் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். மெஸ்ஸிக்குத் தண்டனையாம். மெஸ்ஸிக்கு என்ன நஷ்டம்? அர்ஜென்டினா வேறு விமானம் ஏறியது, வேறு ஊரில் ஆடியது, வேறு காசு வாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போ பக்கத்துச் சிமென்ட் மைதானத்தில் நாங்கள் சிலர் பந்தாடுவோம். நேபாளிகள், ஒன்றிரண்டு பிலிப்பினோக்கள், நாலைந்து தமிழர்கள். அதில் ஹாங்சோவிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் பையன் ஒருவன் இருக்கிறான், இடது விங்கில் ஓடுவான். அவன் அப்பா பட்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1986 உலகக் கோப்பையை ஆலையின் பொது டிவியில், ஷிப்ட் முடிந்த கையோடு எண்ணெய்க் கறையுடன் நின்றபடியே பார்த்தவராம். மரடோனா மேல் அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்றுவரை இறங்கவில்லை. மகனிடம் இதுவரை எதையும் வேண்டும் என்று கேட்காத மனிதர், அந்த மார்ச் ஆட்டத்துக்கு மட்டும் டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். மெஸ்ஸிக்காகக்கூட இல்லை, நீலமும் வெள்ளையுமான அந்தச் சட்டைக்காக. ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே பையன் இதை என்னிடம் சொன்னான். “அப்பா என்ன சொன்னார்?” என்று கேட்டேன். “மேலே இருப்பவர்களுக்குக் காரணம் இருக்கும் என்றார்” என்று சொல்லிவிட்டு ஆட வந்துவிட்டான்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்தப் பெரியவர் ஹாங்காங்கில் டிக்கெட் வாங்கவில்லை, ரீஃபண்ட் கேட்கவில்லை, யாரும் தன்னை அவமதித்ததாக அவர் நினைக்கவும் இல்லை. அவர் பேரைச் சொல்லித்தான் மானம் காத்தார்கள்.

இப்போது வருவீர்கள் என்று தெரியும். “ரொனால்டோ மன்னிப்புக் கேட்டாரே, மெஸ்ஸி கேட்டாரா?” 2024 ஜனவரியில் காயத்தால் அவருடைய சவூதி கிளப் அல் நாஸ்ர் சீனாவின் ஷென்ஜென் நகரில் ஆடவிருந்த ஆட்டங்கள் தள்ளிப்போனபோது ரொனால்டோ அழகாக மன்னிப்புக் கேட்டார், வாஸ்தவம். அதே ரொனால்டோ 2019இல் சியோலுக்குப் போய் தன் அன்றைய கிளப் யுவென்டஸின் பெஞ்சில் முழு ஆட்டமும் உட்கார்ந்திருந்தாரே, அது நினைவிருக்கிறதா? கொரிய ரசிகர்கள் கொதித்தார்கள். என்ன செய்தார்கள்? வழக்குப் போட்டார்கள். ஏற்பாட்டு நிறுவனம் ஆளுக்கு 3,71,000 வோன் கொடுக்க வேண்டும் என்று இஞ்சியோன் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ரசிகனின் கோபம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. போர்ச்சுகல் அணியைக் கொரியாவுக்குள் விடாதே என்று யாரும் கிளம்பவில்லை.

இந்தோனேசியாவைப் பாருங்கள். 2023 ஜூன் 15 பெய்ஜிங்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இரண்டாவது நிமிடத்திலேயே கோல் போட்ட மெஸ்ஸி, நாலு நாள் கழித்து ஜகார்த்தாவுக்கு வரவே இல்லை. விடுமுறைக்குப் போய்விட்டார். காயம்கூட இல்லை! சீனாவில் ஆடினான், எங்களிடம் ஏன் வரவில்லை என்று அவர்களும் தேசிய அவமானம் கொண்டாடியிருக்கலாம். முணுமுணுத்தார்கள், பிறகு மைதானத்துக்குப் போய்த் தங்கள் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். 0-2 என்று தோற்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்தது 2018. இதை என் நண்பர் ஒருவர் ஸ்க்ரீன்ஷாட்டே போட்டுவிட்டார். அர்ஜென்டினா-இஸ்ரேல் ஆட்டம் ரத்தானபோது நான் கைதட்டி எழுதினேன், இப்போது மட்டும் அரசியல் கூடாது என்கிறேனாம். அண்ணே, இரண்டும் ஒன்றா? ஹைஃபாவில் நடப்பதாக இருந்த ஆட்டத்தை இஸ்ரேலும் பாலஸ்தீனமும் உரிமை கோரும் ஜெருசலேமுக்கு மாற்ற வைத்தது இஸ்ரேலின் அன்றைய விளையாட்டு அமைச்சர் மிரி ரெகெவ். விசில் ஊதும் முன்பே அங்கே அரசியல் மைதானத்தில் இறங்கி வார்ம்-அப் செய்துகொண்டிருந்தது. பார்சிலோனாவில் பயிற்சி நடந்த இடத்துக்கு வெளியே எதிர்ப்பாளர்கள் ரத்தம்போலச் சிவப்புச் சாயம் தெளித்த அர்ஜென்டினா சட்டைகளைக் காட்டினார்கள். ஆட்டக்காரர்களே வேண்டாம் என்றார்கள். மெஸ்ஸி சட்டையைக் கொளுத்துங்கள் என்று சொன்ன பாலஸ்தீனக் கால்பந்துத் தலைவர் ரஜூபுக்கு ஃபிஃபா 12 மாதத் தடை போட்டது, அதுவும் சரிதான். அங்கே பிரச்சினை நிலத்தைப் பற்றியது, உயிர்களைப் பற்றியது. இங்கே தொடையைப் பற்றியது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பவரிடம் நான் மேலே பேசுவதாக இல்லை.

2017 நவம்பரில் ஜெர்மனியில் நடந்ததைச் சொன்னால் பலருக்கு நம்பவே கஷ்டமாக இருக்கும். சீனாவின் 20 வயதுக்குட்பட்டோர் அணி அங்கே போய், நாலாம் டிவிஷன் அணிகளோடு நட்பு ஆட்டங்கள் ஆட ஏற்பாடு. முதல் ஆட்டம் மைன்ஸ் நகரில். பார்க்க வந்தவர்கள் சில நூறு பேர். அதில் ஆறு பேர், சீனாவுக்கு ஆகவே ஆகாத திபெத் கொடியைப் பிடித்தார்கள். சீனப் பையன்கள் மைதானத்தைவிட்டு வெளியேறினார்கள், கொடியை மடித்த பிறகுதான் திரும்பி வந்தார்கள், 0-3 என்று தோற்றார்கள். மிச்ச ஆட்டங்கள் அதோடு சரி. கருத்துச் சுதந்திரத்தைத் தடை செய்ய முடியாது என்றது ஜெர்மன் சங்கம். ஆறு கொடி! அந்த இருபது வயதுப் பையன்களுக்கு ஐரோப்பாவில் ஆட்ட அனுபவம் கிடைத்திருக்கும். அவர்களைக் கேட்டா முடிவெடுத்தார்கள்?

“நீ வெளியூர்க்காரன், உனக்கென்ன வந்தது, பிழைக்க வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இரு” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தமிழில்தான் எழுதியிருக்கிறார், அதுதான் வலிக்கிறது. இங்கே வரி கட்டுகிறேன், என் பிள்ளை இங்கே படிக்கிறது. நான் எதை எவ்வளவு அளந்து எழுதுகிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். இந்தப் பதிவில் எழுதாமல் விட்டதும் உண்டு.

உண்மையைச் சொன்னால் மெஸ்ஸி விவகாரத்தில் அரசியல் பிப்ரவரி 9ஆம் தேதி நுழையவே இல்லை. ஹாங்காங் அரசாங்கம் அந்த ஆட்டத்துக்குப் பணம் ஒதுக்கிய அன்றே நுழைந்துவிட்டது. ஹாங்காங் மறுபடி களைகட்டிவிட்டது என்று உலகத்துக்குக் காட்ட வேண்டும், அதற்கு ஒரு முகம் வேண்டும். மானியம் 1 கோடியே 50 லட்சம் ஹாங்காங் டாலர், மைதானத்துக்கு இன்னொரு 10 லட்சம். கலாட்டாவுக்குப் பிறகு மானியம் வேண்டாம் என்று ஏற்பாட்டாளர்கள் ஒதுங்கிக்கொண்டது தனிக்கதை. விளம்பரத்துக்கு வாங்கிய முகம் மேடையில் சிரிக்கவில்லை, அதுதான் அவர்களுடைய கோபம். டிக்கெட் வாங்கியவனின் கோபம் அதில்லை. அவனுக்கு வேண்டியது காசு. முடிந்தால் ஒரு கோல்.

பிப்ரவரி 19 அன்று மெஸ்ஸியைச் சீனச் சமூக வலைத்தளமான வெய்போவில் வீடியோ போட வைத்தார்கள் பாருங்கள். அரசியல் காரணம் எதுவும் இல்லை, அப்படியானால் நான் ஜப்பானுக்கே போயிருக்க மாட்டேன், சீனாவுக்கு இத்தனை முறை வந்திருக்கவும் மாட்டேன் என்கிறார். சிறந்த ஆட்டக்காரருக்கான விருதாக எட்டு பாலோன் டி’ஓர் வாங்கியவன், தன் தொடைக்குக் கொள்கை கிடையாது என்று ஒரு நாட்டுக்கு உறுதிமொழி கொடுக்கிறான். உங்களுக்கு அது வெற்றியாகத் தெரிகிறதா? எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

சரி, குறை மட்டும் சொல்லாமல் உருப்படியாக ஏதாவது சொல் என்பவர்களுக்கு. “உடல்நிலையைப் பொறுத்து” என்ற அந்த நிபந்தனையை ஒப்பந்தத்துக்குள் ஒளித்து வைக்காமல், டிக்கெட்டின் முன்பக்கத்தில், மெஸ்ஸி முகம் போடும் அதே சைஸில் அச்சடியுங்கள். ஆள் இறங்காவிட்டால் எத்தனை சதவீதம் திரும்ப வரும் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். இதைச் செய்ய வெளியுறவுத் துறை தேவையில்லை, ஒரு பிரிண்டர் போதும். மெஸ்ஸி ரசிகனா ரொனால்டோ ரசிகனா என்று கமெண்டில் ஆரம்பிப்பவர்களை இந்த முறை நிச்சயம் பிளாக் செய்வேன்.