அலைக்கற்றை என்ன நிலக்கரியா, அப்புறமா வெட்டிக்கலாம்னு விட்டு வைக்க?

ரெண்டு நாளா அந்த "85 ஆயிரம் கோடி நஷ்டம்" பதிவு எல்லார் சுவர்லயும் சுத்துது, நீங்களும் பார்த்திருப்பீங்க. 2024 ஜூன்ல மத்திய அரசு, போன் சிக்னல் போற அலைக்கற்றையை 96,238 கோடி அடிப்படை விலை வச்சு ஏலம் விட்டாங்க, ஏழே ரவுண்டுல முடிஞ்சு 11,340 கோடிதான் வந்துச்சு, மிச்சமெல்லாம் நாட்டுக்கு நஷ்டம்னு கணக்கு. நான் மரியாதையாத்தான் ஒரு கமெண்ட் போட்டேன், விக்காததுக்கு அடிப்படை விலையைப் போட்டு நஷ்டக் கணக்கு சொல்லாதீங்க, விலையை ஏன் இவ்வளவு வச்சாங்கன்னு கேளுங்கன்னு. அதுக்கு வந்த பதில் "எந்தக் கம்பெனி எவ்வளவு குடுத்தான்?" அதுக்கு நூத்துச் சொச்சம் சிரிப்பு. அதுல நாலு பேரு என் வீட்டுல சாப்பிட்டவங்க.

சரி, பொறுமையாவே சொல்றேன். அலைக்கற்றை நிலக்கரி இல்லீங்க. கரியை இன்னைக்கு வெட்டலைன்னா நாளைக்கு வெட்டிக்கலாம், அங்கயேதான் கிடக்கும். அலை அப்படியில்ல. ஸ்டாண்டுல இருந்து காலியா கிளம்பின பஸ்ஸுல அந்த ட்ரிப்போட சீட்டை மறுநாள் விக்க முடியுமா? விக்காம கிடந்த ஒவ்வொரு நாளும் போனது போனதுதான்.

அலைக்கற்றையில 700 மெகாஹெர்ட்ஸ்னு ஒரு பட்டை. ரொம்ப தூரம் போகும், சுவத்தைத் தாண்டி உள்ள வரும், டவர் தள்ளித் தள்ளி இருக்கற கிராமத்துக்குன்னே அளவெடுத்த மாதிரி. 2016ல ஏலத்துக்கு வந்துச்சு, ஒரு மெகாஹெர்ட்ஸ் 11,485 கோடின்னு. ஒருத்தர் கூட கேக்கல. 2021ல 6,568 கோடின்னு இறக்கினாங்க, அப்பவும் இல்ல. 2022ல 3,927 கோடிக்கு வந்ததும் ஜியோ நாடு முழுக்க 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்தாங்க. அதாவது கடைசில வித்த விலை முதல்ல சொன்னதுல மூணுல ஒரு பங்குதான். நடுவுல ஆறு வருசம் சும்மா கிடந்துச்சு, அதை யாரும் நஷ்டம்னு எழுதல.

அந்த ஆறு வருசத்துலதான் கொரோனா வந்துச்சு. கடம்பூர் மலைப்பக்கம் எங்க அக்கா வீடு, அக்கா பொண்ணு அப்ப பத்தாவது. வீட்டுக்குள்ள ஒரு பாயிண்ட் கூட நிக்காது. ஒரு போனை பாலிதீன் கவர்ல போட்டு, மூங்கில் கொம்பு நுனில கட்டி, தண்ணி டேங்க் மேல நட்டு வச்சு ஹாட்ஸ்பாட் போட்டுட்டு, கீழ படிக்கட்டுல உக்காந்து இன்னொரு போன்ல பாடம் கேட்டா. காத்து அடிச்சா கொம்பு ஆடும், டீச்சர் வாய் மட்டும் அசையும், சத்தம் வராது. மழை வந்தா அன்னைக்குக் கிளாஸே இல்ல. அந்தக் கொம்பை நான்தான் வெட்டிக் குடுத்தேன். 700 வித்திருந்தா எங்கூருக்கு டவர் வந்திருக்கும்னு கேரண்டி இல்ல, ஒத்துக்கறேன். ஆனா விக்காம பூட்டி வச்சா வரவே வராதுங்கறது கேரண்டி.

"அப்ப 2008ல 2ஜி அலைக்கற்றையை ஏலம் விடாமக் குடுத்தது சரியா"ன்னு வருவீங்க. சரின்னு நான் எப்பங்க சொன்னேன்? விண்ணப்பக் கடைசித் தேதியை முன்னாடி இழுத்து, நாடு முழுசுக்குமான லைசென்ஸை 2001 விலையிலயே 1,658 கோடிக்குக் குடுத்தது தப்பு, 122 லைசென்ஸையும் சுப்ரீம் கோர்ட் 2012ல ரத்து பண்ணுச்சு. 2017ல தனி கோர்ட் அந்த வழக்குல இருந்த எல்லாரையும் விடுதலை பண்ணிருச்சு, அப்பீல் இன்னும் நிக்குது. அது கோர்ட் பாத்துக்கட்டும். நான் சொல்றது அதுல நாட்டுக்கு நஷ்டம்னு சொன்ன அந்த 1.76 லட்சம் கோடிங்கற நம்பரை. அந்த நம்பரைக் குடுத்த சிஏஜி (மத்திய தணிக்கை அதிகாரி) அறிக்கையே அதை அனுமான இழப்புன்னுதான் சொல்லுச்சு. அதே 2012 நவம்பர்ல திரும்ப ஏலம் விட்டப்ப வந்தது 9,407 கோடி, டெல்லிக்கும் மும்பைக்கும் கேக்க ஆளே இல்ல. ஆனா அந்த நம்பர் மனசுல உக்காந்துருச்சு. இனி எந்த அதிகாரி விலையைக் குறைச்சுக் கையெழுத்துப் போடுவான்? நாளைக்கு நீங்கதானே "நஷ்டம்"னு பதிவு போடுவீங்க.

பொருளாதாரம் படிச்ச ஒரு தம்பி, ஏலத்துல கட்டின பணம் ஏற்கெனவே போன பணம், அதுக்கும் ரீசார்ஜ் விலைக்கும் சம்பந்தம் இல்லைன்னு இன்பாக்ஸ்ல பாடம் எடுத்தார். புத்தகத்துல அப்படித்தான் இருக்கும் தம்பி. ஆனா அந்தப் பணம் கடன்ல வந்தது, வட்டியைக் கட்ட முடியாத கம்பெனி ஒவ்வொண்ணா மூடினா மிச்சம் நிக்கறவங்க வச்சதுதான் விலை. ஒரு டஜன் போன் கம்பெனி இருந்த ஊருல இப்ப தனியார் மூணு, அதோட பிஎஸ்என்எல். அப்படி ஒரு கம்பெனி மூடினப்ப, 2018ல எங்க வீட்டு சிம் ஒரு நாள் காலைல செத்துப்போச்சு, போர்ட் பண்ண ஷோரூம் வாசல்ல வெயில்ல மூணு மணி நேரம் அப்பாவை உக்கார வச்சிருந்தேன். பேங்க் ஓடிபி, கேஸ் புக்கிங், எல்லாம் அந்த நம்பர்லதான்.

2024லயும் பாருங்க, அந்த ஏலம் முடிஞ்ச ரெண்டே நாள்ல விலையேத்தம் அறிவிப்பு. 179 ரூவா பிளான் 199 ஆச்சு. அப்பாவுக்கு நெட்டு வேண்டாம், படம் வேண்டாம், நான் கூப்பிட்டா எடுக்கணும், அவ்வளவுதான். பட்டன் போன். அதுக்கும் இந்தப் பிளான்ல 28 நாளைக்கு ஒருக்கா கட்டணும், கட்டலைன்னா கொஞ்ச நாள்ல வர்ற காலும் நின்னுரும். போன மாசம் நான் மறந்துட்டேன். "ஏன் சாமி, நாலு நாளா கூப்பிடவே இல்ல, கோவமா"ன்னு பக்கத்து வீட்டுப் போன்ல இருந்து கேக்கறார். இதை எழுதும்போது கூட கை நடுங்குது, என்னைக் காசு வாங்கினவன்னு சொல்லிட்டீங்களே.

அந்தப் பதிவு போட்ட அண்ணனுக்கு ஒண்ணு சொல்றேன். பிளாக் பண்ணல, அன்ஃபிரெண்டும் பண்ணல. ஆடி நோம்பிக்கு நான் ஊருக்குப் போறேன், நீங்களும் வாங்க. மூங்கில் கொம்பு இன்னும் டேங்க் மேலயேதான் இருக்கு.