சீனாவுக்குக் கதவைத் திறந்தது யார்?

டிரம்ப் வரி போடும்போதெல்லாம் இந்தப் பேச்சு கிளம்பிவிடுகிறது: 2001-ல் சீனாவை உலக வர்த்தக அமைப்பில் சேர்த்ததுதான் அமெரிக்கா செய்த பெரிய தப்பாம். பாதி சரி, பாதி கதை.

சீனச் சரக்குக்கு அமெரிக்கா 1980-லேயே வழிவிட்டாயிற்று. மற்ற நாடுகளுக்கு என்ன இறக்குமதி வரியோ, அதேதான் சீனாவுக்கும். ஒரே சிக்கல், அந்தச் சலுகையை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். 1989-ல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் போராடியவர்களைச் சீன ராணுவம் சுட்டுக் கொன்ற பிறகு, இதை ரத்து செய்யலாமா என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு சண்டை. ரத்தானால் 1930-ல் போட்ட பழைய வரி வந்து உட்காரும், பல பொருள்களுக்குப் பல மடங்கு. கடைசிவரை ரத்தாகவே இல்லை, அது வேறு விஷயம். ஆனால் தொழிற்சாலை கட்டுகிறவன் கணக்கு அப்படியா? அடுத்த வருடம் என்ன ஆகுமோ என்றிருந்தால், சீனாவின் ஷென்ஜென் மாதிரி தொழில் நகரத்தில் எவன் துணிந்து கோடிகளைக் கொட்டுவான்?

2000-ல் அந்தச் சலுகையை நிரந்தரமாக்கினார்கள். அமெரிக்கா இதற்காக வரியைக் குறைக்கவில்லை. பயம்தான் போனது. ஆலைகள் முளைத்தன.

வரியைக் குறைத்தது சீனாதான். சராசரி 15.3 சதவீதத்திலிருந்து படிப்படியாக 9.8-க்கு இறக்கியது. உலக வர்த்தக அமைப்புக்குள் (அப்போது அதன் முன்னோடியான 'காட்' ஒப்பந்தம்) வர 1986-ல் விண்ணப்பித்து 15 வருடம் காத்திருந்தது. பேசிப் பேசியே கறுப்பு முடி நரைத்துவிட்டது என்று அன்றைய சீனப் பிரதமர் ஜூ ரோங்ஜி சொன்னார். அந்த மனிதர் 1999 ஏப்ரலில் கை நிறையச் சலுகைகளோடு வாஷிங்டன் போனார். அமெரிக்க அதிபர் கிளிண்டன் வெறுங்கையோடு அனுப்பினார். போதாததற்கு, சீனா இறங்கிவந்தது எதிலெல்லாம் என்ற பட்டியலை அமெரிக்கத் தரப்பே வெளியிட்டு, ஊரில் அவர் மானத்தை வாங்கியது. மே மாதம் பெல்கிரேடில் சீனத் தூதரகத்தின் மேல் நேட்டோ குண்டு விழுந்தது. அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நவம்பரில் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி சார்லீன் பார்ஷெஃப்ஸ்கியின் குழு பெய்ஜிங்கில் மூட்டை முடிச்சைக் கட்டிக் கிளம்பத் தயாரான நேரத்தில், ஜூவே நேரில் வந்து உட்கார்ந்து பேசி முடித்தார். சீனா உள்ளே வர அமெரிக்கா சம்மதிக்கும் ஒப்பந்தத்தில் 15-ம் தேதி கையெழுத்து.

ஏன் இவ்வளவு அவசரம்? நஷ்டத்தில் ஓடிய அரசு நிறுவனங்களை அவர் அப்போதே மூடிக்கொண்டிருந்தார். கோடிக்கணக்கானவர்களின் 'இரும்புச் சோற்றுக் கிண்ணம்', அதாவது ஆயுள் முழுக்க உத்தரவாதமான அரசு வேலை, உடைந்தது. சீர்திருத்தத்துக்கு முரண்டு பிடித்த உள்ளூர் அதிகாரிகளை அடிக்க, உலக வர்த்தக அமைப்பின் விதிகள் என்ற ஒரு வெளிக் கம்பு அவருக்குத் தேவைப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, சீனா சொன்னபடி நடந்ததா? முழுசாக இல்லை. அரசு வங்கிகளின் மலிவுக் கடன், உள்ளூர் மானியம் எல்லாம் தொடர்ந்தன, பிடிக்க விதிகளிலும் வலு இல்லை. அதே சமயம், 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதியால் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேல் வேலைகள் போயின என்று பொருளியலாளர்கள் மதிப்பிட்டார்கள். மலிவுச் சட்டையும் டிவியும் நாடு முழுக்கக் கிடைத்தன. வேலை போனது மட்டும் வட கரோலினாவின் மரச்சாமான் ஊர்கள் போல ஒருசில இடங்களில். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒழுங்காக நிவாரணம் கொடுக்காதே என்று ஜூ ரோங்ஜியா தடுத்தார்?