வல்லவனுக்குப் புல்லும் பகை

(மெல்போர்னின் மேற்குப் புறநகரான டார்னீட். நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழரை மணி. கும்பகோணம் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் மாமா, காபி டம்ளரோடு கொல்லைக் கதவருகே நிற்கிறார். வெளியே புல் கணுக்காலைத் தாண்டி வளர்ந்துவிட்டது. மாப்பிள்ளை மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி வருகிறார். பொத்தியிருக்கும் விதத்தில் கொஞ்சம் பயிற்சி தெரிகிறது.)

மாமா: வாருங்கள் மாப்பிள்ளை. இன்றாவது புல்லை வெட்டிவிடலாமா? வேட்டி உலர்த்தப் போனால், பாம்பு இருக்குமோ என்று காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

மாப்பிள்ளை: இன்று வேண்டாம் மாமா. மகரந்தம் 'உச்சம்'. அது சரி, வேட்டியை வெளியிலா காயப்போட்டீர்கள்?

மாமா: கொடியில்தான் போட்டேன். கொடிமரத்திலா ஏற்ற முடியும்?

மாப்பிள்ளை: வெளியில் காயும் துணியில் மகரந்தம் வந்து ஒட்டிக்கொள்ளும். வியாழக்கிழமை அந்த வேட்டியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தீர்களே, எத்தனை முறை தும்மினேன் தெரியுமா?

மாமா: 23.

மாப்பிள்ளை: எண்ணினீர்களா!

மாமா: எனக்கு இங்கே வேறு என்ன வேலை? நம் ஊராக இருந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று விட்டுவிடலாம். ஒரே நாளில் 23 பேர் நினைக்கிறார்கள் என்றால் கடன் ஏதாவது வாங்கியிருக்கிறீர்களோ என்று பெண்ணிடம் விசாரித்தேன். இல்லை என்கிறாள்.

மாப்பிள்ளை: எல்லாம் ரை புல் செய்கிற வேலை மாமா. ஊருக்கு வடக்கேயும் மேற்கேயும் மேய்ச்சல் நிலம். வடக்குக் காற்று கிளம்பினால் அங்கே பூத்ததெல்லாம் நம் மூக்கில்தான் வந்து இறங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதே பாடு.

மாமா: மாடு தின்கிற புல்லா? வைக்கோற்போருக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டு நாற்பது வருடம் படுத்தவன் நான். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். உங்களிடம் புல்லே வல்லவனாகிவிட்டது. எனக்கு ஏன் ஒன்றும் வரவில்லை?

மாப்பிள்ளை: நீங்கள் வந்து ஆறு வாரம்தானே ஆகிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குப் பெரும்பாலும் சில வருடங்கள் கழித்துத்தான் ஆரம்பிக்கும். எனக்கு நான்காவது வருடம் வந்தது.

மாமா: நிரந்தர விசா கிடைத்ததும் நான்காவது வருடம்தானே?

மாப்பிள்ளை: ஆமாம்.

மாமா: சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளை: அதனால்தான் தினமும் முன்னறிவிப்பைப் பார்க்கிறேன். ஒரு கன மீட்டர் காற்றில் புல் மகரந்தம் 20க்குக் கீழே இருந்தால் குறைவு. அதற்கு மேல் மிதம். 50ஐத் தொட்டால் அதிகம், 100ஐத் தொட்டால் உச்சம்.

மாமா: காற்றை எந்த மரக்காலில் அளக்கிறார்கள்?

மாப்பிள்ளை: ஒரு கருவி காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே பசை தடவியிருக்கும். அதில் ஒட்டியதை நுண்ணோக்கியில் வைத்து ஒருவர் உட்கார்ந்து எண்ணுவார்.

மாமா: அவரும் எண்ணுகிறார், நானும் எண்ணுகிறேன். சம்பளம் அவருக்கு மட்டும். போகட்டும், அவர் எண்ணுவது நேற்றைய காற்றை. நாளைய கதை எப்படித் தெரியும்?

மாப்பிள்ளை: காற்றின் திசை, வெயில், மழை, புல் எவ்வளவு பூத்திருக்கிறது என்பதையெல்லாம் வைத்துக் கணிப்பார்கள். முக்கியமாகத் திசை.

மாமா: செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம் என்று நான் சொன்னபோது சிரித்தீர்கள். கைப்பேசி 'வடக்கே ஆபத்து' என்றால் விஞ்ஞானமோ? எங்கள் சூலத்துக்குப் பால் குடித்துவிட்டுக் கிளம்பினால் போதும். உங்களுடையதற்கு என்ன பரிகாரம்?

மாப்பிள்ளை: மாத்திரை. மூக்கில் அடித்துக்கொள்ளும் மருந்து. விளையாட்டில்லை மாமா. 2016 நவம்பர் 21 அன்று மாலை இங்கே இடியும் புயலுமாக வந்தது. ஈரக் காற்றில் மகரந்தம் வெடித்துச் சிதறி, மூக்கில் நிற்காமல் நேராக நுரையீரலுக்குள் போய்விட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்துபோனார்கள். பலருக்கு அதுவரை ஆஸ்துமாவே இல்லை, என்னைப்போல வெறும் தும்மல்தான். நம் நாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பாதிப்பு அதிகம். அதன் பிறகுதான் இடிப்புயல் ஆஸ்துமாவுக்கென்று தனி முன்னறிவிப்பே வந்தது.

(மாமா டம்ளரைக் கீழே வைக்கிறார்.)

மாமா: இழுத்துக்கொள்ளும் பம்ப் வீட்டில் இருக்கிறதா?

மாப்பிள்ளை: வீட்டில் ஒன்று, காரில் ஒன்று.

மாமா: என் பையிலும் ஒன்று போட்டு வையுங்கள். அப்படிப்பட்ட நாளில் கோயிலும் வேண்டாம், குளமும் வேண்டாம். கேரம் டவுன்ஸ் சிவன் எங்கும் போய்விட மாட்டார்.

மாப்பிள்ளை: (நிம்மதியாக) அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆகவே இன்று புல்...

மாமா: இருங்கள். (சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார்.) பேத்தி அந்த முன்னறிவிப்பை என் கைப்பேசியிலும் போட்டுக்கொடுத்திருக்கிறாள். போன சனிக்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை: மாப்பிள்ளை சொன்னது உச்சம், கைப்பேசி சொன்னது குறைவு. தெற்குக் காற்று. தும்மல் பூஜ்யம். புல் வெட்டவில்லை.

மாப்பிள்ளை: அது வந்து...

மாமா: போன சனிக்கிழமை: கைப்பேசியும் உச்சம். சுத்தமான வடக்குக் காற்று. மாப்பிள்ளை கிரிக்கெட் ஆடப் போனார். ஐந்து மணி நேரம், அதுவும் புல்தரையில். வீடு திரும்பியபின் தும்மல் 41.

மாப்பிள்ளை: மாத்திரை போட்டுக்கொண்டுதான் போனேன்.

மாமா: அந்த மாத்திரை கிரிக்கெட்டுக்கு மட்டும்தான் கேட்குமா? புல்வெட்டும் இயந்திரத்துக்குக் கேட்காதா?

(மௌனம். கொல்லையில் வேட்டி சாவகாசமாக ஆடுகிறது.)

மாமா: இன்று குறைவு. ராத்திரி மழை காற்றைக் கழுவிவிட்டது. இப்போது கடல் பக்கத்துக் காற்று.

மாப்பிள்ளை: ஈரப்புல்லை வெட்டக் கூடாது மாமா. இயந்திரம் அடைத்துக்கொள்ளும்.

மாமா: பதினொரு மணிக்குக் காய்ந்துவிடும். அதுவரை இட்லி சாப்பிடுங்கள். மாத்திரை, முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் மேஜையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை: ஹச்!

மாமா: (நோட்டை மூடியபடி) இதை எழுத மாட்டேன் மாப்பிள்ளை. வாய்தான் தும்மியது, மூக்கு தும்மவில்லை.